சிண்டிகேட்டுக்கு நிக்கச் சொல்றாங்க, பண விஷயத்துல அந்த ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு?

அஸ்தம்பட்டி வாத்தியார்
எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல ஒரு எய்டட் காலேஜ்ல வேலை பாக்குறேன். எங்க ஆசிரியர் சங்கத்துல இந்த தடவை யுனிவர்சிட்டி சிண்டிகேட்டுக்கு, அதாவது அதோட நிர்வாகக் குழுவுக்கு, மெம்பரா என்னை நிக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு. எந்த யுனிவர்சிட்டின்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, யூகிச்சாலும் இங்க எழுதாதீங்க, எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு.

சிலபஸ், போர்டு ஆஃப் ஸ்டடீஸ், வேல்யுவேஷன் இதெல்லாம் பழக்கம்தான். பண விஷயம்னா நான் சுத்த ஜீரோ. சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு ஒரு பழைய பட்ஜெட் புக்கு வாங்கிப் பாத்தேன், எது வரவு எது செலவுன்னே பிடிபடல, ஒரே தொகை ரெண்டு இடத்துல வருது, பக்கத்துல ஆர்.இ., பி.இ.ன்னு போட்டிருக்கு. என் கேள்வி சிம்பிள். யுனிவர்சிட்டியோட காசை நிஜமா யார் முடிவு பண்றாங்க? சிண்டிகேட்டா, ஃபைனான்ஸ் கமிட்டியா, விசியா (துணைவேந்தரா), இல்ல கோட்டையில இருக்குற அரசா? சும்மா போய் கைதூக்கிட்டு வர்றதுன்னா நான் நிக்கவே வேண்டாமே.

லீபஜார்
நில்லுங்க சார். சிட்டிங் ஃபீஸ் உண்டு, டிஏ உண்டு, மத்தியானம் நல்ல சாப்பாடு உண்டு. கைதூக்குறதும் ஒரு எக்சர்சைஸ்தான் 😄

ஏற்காடு ரிட்டயர்டு
வாத்தியார் சார், நான் ஒரு யுனிவர்சிட்டி ஆபீஸ்ல சிண்டிகேட் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் உக்காந்திருந்தவன், இப்ப மலை மேல ஓய்வா இருக்கேன். எந்த யுனிவர்சிட்டின்னு நானும் சொல்லப் போறதில்ல, அதனால நமக்குள்ள சரியாப் போச்சு.

பேப்பர்ல "சிண்டிகேட் கூட்டத்தில் 60 தீர்மானம் நிறைவேற்றம்"னு வருதே, அந்த 60-ல முக்கால்வாசி கூட்டத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போனது. எப்படின்னு சொல்றேன். ஒரு விஷயம் முதல்ல செக்‌ஷன்ல ஆபீஸ் நோட்டா கிளம்பும். சூப்பிரண்டு, டெபுடி ரிஜிஸ்ட்ரார், பணம் சம்பந்தப்பட்டதுன்னா ஃபைனான்ஸ் ஆபீசர் ரிமார்க்ஸ், அப்புறம் ரிஜிஸ்ட்ரார், விசி. அங்க "மே பி பிளேஸ்டு பிஃபோர் தி சிண்டிகேட்", அதாவது சிண்டிகேட் முன்னாடி வைக்கலாம்னு ஒரு வரி விழுந்தா அது அஜெண்டாவுக்கு வரும். சிண்டிகேட் மெம்பர் கைக்கு வர்றது அந்த ஃபைல் இல்ல, அதுல இருந்து சுருக்கி எழுதுன ரெண்டு பாரா நோட்டு. ஃபைனான்ஸ் ஆபீசர் ஃபைல்ல "நிதி ஒதுக்கீடு இல்லை, தவிர்க்கலாம்"னு எழுதியிருப்பாரு, அந்த வரி அஜெண்டா நோட்டுல இருக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. எழுதுற கை யாரோட கையோ அவங்க கையிலதான் பாதி முடிவு. நானே எழுதியிருக்கேன், அதனால சொல்றேன்.

அப்புறம் அஜெண்டாவுல மூணு ரகம் இருக்கு. ஒண்ணு முறையா முன்கூட்டியே அனுப்புற அயிட்டம். ரெண்டு, டேபிள் அஜெண்டா, அதாவது நீங்க உள்ள போய் உக்காந்த அப்புறம் மேஜை மேல வைக்கிறது. மூணு, ரேட்டிஃபிகேஷன், விசி ஏற்கனவே உத்தரவு போட்டாச்சு, வேலையும் நடந்தாச்சு, நீங்க ஒப்புதல் குடுக்கணும். பொண்ணு பாத்து நிச்சயமும் பண்ணிட்டு தாத்தாகிட்ட போய் "உங்க சம்மதம் வேணும்"னு நிக்கற மாதிரி. தாத்தா என்ன பண்ணுவாரு, விபூதி வெச்சு அனுப்புவாரு.

புதுசா போற மெம்பர் எல்லாரும் முதல் பக்கத்துல இருந்து படிப்பாங்க. நீங்க கடைசியில இருந்து படிங்க, இந்த ரேட்டிஃபிகேஷன் எல்லாம் அங்கதான் கிடக்கும்.

தட்டுவடை செட்
அண்ணா அந்த தாத்தா 😂😂 செம. ஒரு டவுட்டு, விசிக்கு அந்த பவர் எங்க இருந்து வருது? நான் ரிசர்ச் ஸ்காலர், எங்களுக்கு 500 ரூபா கெமிக்கல் வாங்கவே மூணு கொட்டேஷன் கேக்குறாங்க.

ஏற்காடு ரிட்டயர்டு
தம்பி, அனேகமா எல்லா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆக்ட்லயும் அந்த ஷரத்து இருக்கு. அவசரம்னா விசியே நடவடிக்கை எடுக்கலாம், அடுத்த கூட்டத்துல சம்பந்தப்பட்ட அமைப்புக்கு ரிப்போர்ட் பண்ணணும். இது தப்புன்னு நான் சொல்லல. செமஸ்டர் நடக்கறப்ப கொஸ்டின் பேப்பர் அவுட் ஆயிடுச்சுன்னு வைங்க, உடனே வேற செட்டு அடிக்கணும், சிண்டிகேட்டைக் கூட்டிட்டா இருக்க முடியும்? அதுக்குத்தான் அந்த பவர். மூணு மாசம் தாராளமா காத்திருக்கக் கூடிய ஒரு ஃபர்னிச்சர் பர்ச்சேஸும், சாஃப்ட்வேர் கான்ட்ராக்ட் எக்ஸ்டென்ஷனும் அதே கதவு வழியா உள்ள வர்றப்பதான் சிக்கல். உத்தரவு போட்ட தேதியையும் அதுக்கு முன்னாடி நடந்த சிண்டிகேட் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கூட்டம் முடிஞ்சு நாலு நாள்ல போட்ட உத்தரவுன்னா, ஏன் அந்த கூட்டத்துலயே வைக்கலன்னு கேளுங்க. ரொம்ப மரியாதையா கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கே ரூம் கொஞ்சம் அமைதியாகும்.

அஸ்தம்பட்டி வாத்தியார்
நன்றிங்க ஐயா, இதை யாரும் எங்களுக்கு சொல்லித் தரல. அப்ப ஃபைனான்ஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? அது பாத்து அனுப்புனா சிண்டிகேட் ஏன் மறுபடி பாக்கணும்?

செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர்
இதுக்கு நான் வர்றேன். ஃபைனான்ஸ் கமிட்டி பரிந்துரை பண்ணும், சிண்டிகேட் முடிவு பண்ணும், ஏட்டுல அவ்வளவுதான். விசி தலைவரா இருப்பாரு, நிதித்துறை, உயர்கல்வித்துறை செயலாளர்கள் இல்லன்னா அவங்க சார்புல யாராவது, சிண்டிகேட்ல இருந்து ஓரிரு பேர். ஆக்ட்டுக்கு ஆக்ட் மாறும், நீங்க உங்க ஆக்ட்டை ஒருதடவை முழுசா படிச்சிருங்க. பட்ஜெட்டும் வருடக் கணக்கும் இங்க வந்துதான் சிண்டிகேட்டுக்குப் போகணும். புதுசா ஒரு போஸ்ட் உருவாக்கணும், பெரிய கட்டடம் கட்டணும்னா இதுவழியா வராம நேரா சிண்டிகேட்டுக்கு வந்தா அங்கயே நிறுத்துங்க.

நடைமுறையில நிதித்துறை ஆளு வந்து உக்காந்தா அவர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. ஏன்னா பிளாக் கிராண்ட், அதாவது அரசு மொத்தமா குடுக்குற மானியம், அவங்ககிட்ட இருந்துதான் வரணும். அதனால "யார் முடிவு பண்றாங்க"ங்கற உங்க கேள்விக்கு என் பதில், சின்னச் செலவை ஆபீஸ், நடுத்தரச் செலவை விசி, பெருஞ்செலவை கோட்டை. சிண்டிகேட் இந்த மூணையும் கேள்வி கேக்குற இடம். கேட்டா.

ஆர்.இ. பி.இ. ரொம்ப ஈஸி சார். பி.இ.ன்னா பட்ஜெட் எஸ்டிமேட், வருஷ ஆரம்பத்துல போட்ட மதிப்பீடு. ஆர்.இ. ரிவைஸ்டு, வருஷம் ஓடினப்புறம் திருத்தினது. அந்த ரெண்டையும் விட முக்கியம் ஆக்சுவல்ஸ்னு போட்ட கட்டம், அதாவது நிஜமா வந்ததும் செலவானதும். மூணு வருஷ ஆக்சுவல்ஸை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. வரவை ஒவ்வொரு வருஷமும் கூட்டிக் காட்டி, கடைசியில வராம போயிருந்தா அந்த பட்ஜெட் செலவை நியாயப்படுத்த எழுதுனதுன்னு அர்த்தம்.

அம்மாபேட்டை கெஸ்ட் லெக்சரர்
எல்லாம் சரிங்க, ஆனா யுனிவர்சிட்டில காசு இருந்தாத்தானே முடிவு பண்ணணும். வரவே குறைஞ்சுட்டு வருதே, அதைப் பத்தி யாரும் பேசலயே. காலேஜ் எல்லாம் அட்டானமஸ் ஆயிட்டே போகுது, பரீட்சைய அவங்களே நடத்திக்கறாங்க, எக்ஸாம் ஃபீஸ் யுனிவர்சிட்டிக்கு வர்றதில்ல. தொலைதூரக் கல்விதான் ஒரு காலத்துல எல்லா யுனிவர்சிட்டிக்கும் கறவை மாடு, 2013-ல யுஜிசி, யுனிவர்சிட்டிங்க தங்களோட எல்லையைத் தாண்டி சென்டர் நடத்தக் கூடாதுன்னு சொன்னதுல இருந்து அதுவும் வத்திப் போச்சு. பென்ஷன் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. மதுரை காமராஜர் யுனிவர்சிட்டில சம்பளம் மாசக்கணக்குல இழுத்து ஊழியர்கள் போராட்டம் பண்ணதை பேப்பர்ல எல்லாரும் படிச்சோம்தானே. அந்த நிலைமைல சிண்டிகேட்ல யார் உக்காந்து என்ன பண்ணிட முடியும்?

முதல்ல வெட்டு விழறது யாருக்கு? எங்களை மாதிரி ஆளுங்களுக்கு. ரெகுலர் போஸ்ட் போட மாட்டாங்க, கெஸ்ட்னு வெச்சு ஓட்டுவாங்க, அதுக்கும் சிண்டிகேட் அப்ரூவல்னு ஒரு தீர்மானம் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர்
மேடம் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா "என்ன பண்ணிட முடியும்"ங்கறதை ஒத்துக்க மாட்டேன். சென்னை யுனிவர்சிட்டி விஷயத்தைப் பாருங்க. 2024 பிப்ரவரில இன்கம்டாக்ஸ்காரங்க அவங்க பேங்க் அக்கவுண்ட்டை எல்லாம் முடக்கிட்டாங்க, 424 கோடி வரி பாக்கின்னு. கவர்மென்ட் யுனிவர்சிட்டிக்கு எதுக்கு வரின்னு எல்லாரும் கேட்டாங்க. சட்டத்துல என்ன இருக்குன்னா, அரசுப் பணத்துல கணிசமா நடக்குற கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு. கணிசம்னா என்ன? மொத்த வரவுல பாதிக்கு மேல அரசு மானியமா இருக்கணும். மாநில அரசு குடுக்குற பங்கு பாதிக்குக் கீழ இறங்குனா அந்த விலக்கு கழண்டுக்கும், அப்ப டிரஸ்ட்டு மாதிரி தனியா பதிவு வாங்கி வேற பிரிவுல விலக்கு கேக்கணும்.

இதுல இருந்து சிண்டிகேட் மெம்பருக்கு என்ன பாடம்? "இந்த வருஷம் மானியம் மொத்த வரவுல எத்தனை சதவீதம், நாம எந்தப் பிரிவுல விலக்கு வாங்குறோம், நோட்டீஸ் ஏதாவது நிலுவையில இருக்கா"ன்னு ஒவ்வொரு வருஷமும் ஒரு ஆளு கேட்டிருந்தா போதும். நோட்டீஸ் ஒரே ராத்திரில வர்றதில்ல, வருஷக்கணக்கா செக்‌ஷன்ல தூங்கும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2024 செப்டம்பர் கவுன்சில் மீட்டிங்குல அஃபிலியேஷன் ஃபீஸுக்கு (காலேஜ் யுனிவர்சிட்டியோட இணைஞ்சிருக்கக் கட்டுற ஃபீஸுக்கு) 18 சதவீதம் உண்டுன்னு தெளிவாவே சொல்லிட்டாங்க. உங்க யுனிவர்சிட்டி அதை காலேஜ்கிட்ட வசூல் பண்ணிக் கட்டுதா, இல்ல பாக்கி சேருதா? கேளுங்க.

லீபஜார்
18 சதவீதமும் கடைசியில பசங்க ஃபீஸ்லதான் வந்து விடியும். வெள்ளிக் கொலுசுக்கே 3 சதவீதம்தான்யா.

சூரமங்கலம் 636005
இதெல்லாம் வெட்டிப் பேச்சு. விசியே இல்லாத யுனிவர்சிட்டிக்கு சிண்டிகேட் எதுக்கு? கவர்னர் ஒரு பக்கம், கவர்மென்ட் ஒரு பக்கம் இழுக்குறாங்க. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஒண்ணு சொல்லுச்சு, மே மாசம் ஹைகோர்ட், விசியை கவர்மென்ட்டே போடலாம்ங்கற அந்த புது சட்டத்துக்கே தடை போட்டுச்சு. நடுவுல மாட்டிக்கிட்டது யாரு? அதுவும் நம்ம ஊர்லயே பாருங்க, [இந்தப் பகுதி நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்
சூரமங்கலம் நண்பரே, வழக்குல இருக்குற விஷயத்தையும் ஆட்கள் பேரையும் இழுக்காதீங்க. ஆக்ட், நடைமுறை, கணக்கு இதைப் பேசுங்க. அடுத்த தடவை முழுப் பதிவும் போயிடும்.

ஏற்காடு ரிட்டயர்டு
மன்னிக்கணும், நேத்து சாயங்காலம் மழை, கரண்டும் இல்ல நெட்டும் இல்ல.

சூரமங்கலம் தம்பி கோவத்துல எழுதினாலும் ஒரு விஷயம் அதுல உண்மை. விசி பதவி காலியா இருந்தா அவருக்கு பதிலா நிர்வாகம் பாக்க கன்வீனர் கமிட்டி போடுவாங்க, பெரும்பாலும் உயர்கல்வித்துறை செயலாளரோ காலேஜ் எஜுகேஷன் கமிஷனரோ தலைமைல. அவங்க சென்னைல இருப்பாங்க, ஃபைல் போய்ட்டுப் போய்ட்டு வரும். சென்னை யுனிவர்சிட்டிலயே 2023 ஆகஸ்ட்ல விசி பதவிக்காலம் முடிஞ்சப்புறம் இந்த ஏற்பாட்டுலதான் ஓடுச்சு. விசி இல்லாத காலத்துலதான் சிண்டிகேட் மெம்பர் ரெண்டு மடங்கு முழிப்பா இருக்கணும். ஏன்னா கையெழுத்து போடுறவருக்கு அந்த ஊரே தெரியாது, கீழ இருந்து வர்ற நோட்டை நம்பித்தான் போடுவாரு.

யார் விசியைப் போடணும்கற சண்டைல பட்ஜெட் புக்கை யாரும் திறக்கறதே இல்ல, அதுதான் எனக்கு வருத்தம். அண்ணாமலை யுனிவர்சிட்டில என்ன ஆச்சு? தேவைக்கு மேல ஆயிரக்கணக்குல ஆள் எடுத்து, சம்பளம் குடுக்க முடியாம, 2013-ல அரசு ஒரு ஐஏஎஸ் அதிகாரியை நிர்வாகியாப் போட்டு, தனிச் சட்டம் கொண்டுவந்து எடுத்துக்கிச்சு, உபரி ஆளுங்களை வேற டிபார்ட்மென்டுக்கும் கவர்மென்ட் காலேஜுக்கும் பிரிச்சு அனுப்புனாங்க. அது அன்னைக்கு வேற மாதிரி நிர்வாகம், ஸ்டேட் யுனிவர்சிட்டி கணக்கு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அங்கயும் ஒரு சிண்டிகேட் இருந்துச்சே. ஒவ்வொரு நியமனமும் ஏதோ ஒரு கூட்டத்துல ஏதோ ஒரு அயிட்டமா வந்து பாஸ் ஆகித்தானே போயிருக்கும்.

தட்டுவடை செட்
அண்ணா டெண்டர் பத்தி சொல்லுங்க. அதுல மெம்பர் என்ன பாக்கணும்?

செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர்
1998-ல வந்த டெண்டர் டிரான்ஸ்பரன்சி ஆக்ட் யுனிவர்சிட்டிக்கும் பொருந்தும். ஏமாத்து வேலை எங்க நடக்கும்னா, வேலையை உடைக்கிறதுல. ஒரே லேபுக்கு ஒரே மாசத்துல ஒரே மாதிரி சாமான், நாலு தனித்தனி பர்ச்சேஸ் ஆர்டர், ஒவ்வொண்ணும் டெண்டர் வரம்புக்கு ஒரு மயிரிழை கீழ. அப்புறம் இன்னொண்ணு, "தொடர்ச்சி கருதி" பழைய கம்பெனிக்கே நீட்டிப்பு. மார்க் ஷீட் அச்சடிக்கிறது, ரிசல்ட் டேட்டா பிராசசிங் இதுலதான் இந்த வார்த்தை அதிகம் வரும். டேட்டா அவங்ககிட்ட மாட்டிக்கிட்டிருக்கும், மாத்துனா ரிசல்ட் லேட்டாகும்னு பயமுறுத்துவாங்க. அந்த பயம் முழுக்கப் பொய்யும் இல்ல, அதுதான் கஷ்டம். அதனால இந்த தடவை நீட்டிப்பு குடுங்க, கூடவே அடுத்த டெண்டருக்கு தேதியும் இதே தீர்மானத்துல எழுதுங்கன்னு சொல்லுங்க.

கட்டடம்னா பிடபிள்யூடி எஸ்டிமேட்டா, வெளி ஆளு எஸ்டிமேட்டான்னு பாருங்க. ரிவைஸ்டு எஸ்டிமேட்னு வந்தா முதல் எஸ்டிமேட்டை பக்கத்துல வைக்கச் சொல்லுங்க.

அம்மாபேட்டை கெஸ்ட் லெக்சரர்
ஆடிட்டுன்னு ஒண்ணு நடக்குதுல்ல, அவங்க பிடிக்க மாட்டாங்களா?

ஏற்காடு ரிட்டயர்டு
பிடிப்பாங்கம்மா. லோக்கல் ஃபண்ட் ஆடிட் ஆளுங்க யுனிவர்சிட்டிக்குள்ளயே ஒரு ரூம்ல உக்காந்திருப்பாங்க. நல்லாவே பிடிப்பாங்க. பிடிச்சப்புறம்? "ஆடிட் பாரா நிலுவை"ன்னு, அதாவது தீராத ஆடிட் ஆட்சேபணைன்னு, ஒரு லிஸ்ட்டு வளரும். டெம்பரரி அட்வான்ஸ்னு ஒருத்தர் செமினாருக்கு காசு வாங்கியிருப்பாரு, கணக்கு காட்டாமலே ரிட்டயர் ஆகியிருப்பாரு, அவர் பென்ஷனை நிறுத்தி வெச்சிருப்பாங்க, அவர் நடையா நடப்பாரு. சின்ன மீன் எல்லாம் இப்படி மாட்டும். பெரிய பாராவுக்கு "விளக்கம் கோரப்பட்டுள்ளது"ன்னு அஞ்சு வருஷமா ஒரே பதில் போகும். சிண்டிகேட்ல நிலுவை பாரா லிஸ்ட்டை அயிட்டமா வைக்கச் சொல்லி எழுத்துல கேட்ட மெம்பரை என் சர்வீஸ்ல ஒரே ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன். அந்தம்மா ஒரு விமன்ஸ் காலேஜ் பிரின்சிபால். அவங்க கேட்டப்புறம் எங்க செக்‌ஷன்ல ராத்திரி எட்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுது, நாங்க எல்லாம் அவங்களைத் திட்டிக்கிட்டே வேலை பாத்தோம். ஆனா லிஸ்ட்டு பாதியாச்சு.

சூரமங்கலம் 636005
சரி கேள்வி கேட்டீங்க, ஓட்டெடுப்புல தோத்துட்டீங்க. எக்ஸ் அஃபிஷியோன்னு பதவியால வர்றவங்க, நாமினின்னு நியமிக்கப்பட்டவங்க, இப்படி அவங்க ஆளுங்கதான் அதிகம். அப்புறம்?

ஏற்காடு ரிட்டயர்டு
சிண்டிகேட்ல ஓட்டெடுப்பே நடக்கறது அபூர்வம் தம்பி. தலைவர் "அப்ரூவ்டு, நெக்ஸ்ட்"னு போயிட்டே இருப்பாரு. அதனால ஜெயிக்கறது தோக்கறது இல்ல, பதிவாகறதுதான் கணக்கு. நீங்க ஒத்துக்கலன்னா "என் மாறுபட்ட கருத்தை மினிட்ஸ்ல பதிவு பண்ணுங்க"ன்னு அங்கயே சொல்லணும். வாயால சொன்னா காத்துல போயிடும், அன்னைக்கு சாயங்காலமே ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு மெயில், ஒரு ரிஜிஸ்டர்டு போஸ்ட். ரிஜிஸ்ட்ரார்தான் சிண்டிகேட்டுக்கு செயலாளர் மாதிரி, மினிட்ஸ் அவர் ஆபீஸ்லதான் தயாராகும். அடுத்த கூட்டத்துல முதல் அயிட்டமே போன மினிட்ஸை உறுதிப்படுத்துறது, எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே தலையாட்டுற அயிட்டம். அங்க உங்க கருத்து இருக்கான்னு பாருங்க, இல்லன்னா உறுதிப்படுத்த விடாதீங்க.

இதுக்கு என்ன பலன்னு கேப்பீங்க. நாளைக்கு விஜிலென்ஸோ கோர்ட்டோ வந்தா "சிண்டிகேட் ஒருமனதா முடிவு பண்ணுச்சு"ன்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. நோட்டு எழுதறவங்களுக்கு அது தெரியும். மாறுபட்ட கருத்து எழுதற மெம்பர் ஒருத்தர் இருக்காருன்னாலே நோட்டை ஒழுங்கா எழுதுவாங்க, நான் அனுபவிச்சது.

தட்டுவடை செட்
மெம்பர் இல்லாதவங்க மினிட்ஸ் பாக்க முடியாதா?

அம்மாபேட்டை கெஸ்ட் லெக்சரர்
முடியும்பா. ஆர்டிஐ சட்டம் 4-வது பிரிவுல, இந்த மாதிரி குழுக்களோட விவரம், அதோட மினிட்ஸ் பொதுமக்களுக்குக் கிடைக்குமா இல்லையாங்கறதை அவங்களே வெளியிடணும்னு இருக்கு. சில யுனிவர்சிட்டி வெப்சைட்ல மினிட்ஸ் கிடக்கும், சிலதுல லிங்க் மட்டும் இருக்கும். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள். வரலன்னா முதல் மேல்முறையீடு. நான் ஒரு இடத்துல போட்டேன், "ரகசியம்"னு ஒரு வரி பதில் வந்துச்சு, மேல்முறையீட்டுல சிண்டிகேட் தீர்மானம் எப்படிங்க ரகசியமாகும், எந்த பிரிவுல விலக்குன்னு கேட்டேன், நகல் வந்துருச்சு. கெஸ்ட் லெக்சரர் சம்பளம் பத்துன தீர்மானம்தான் கேட்டது. ரெண்டே வரி. அந்த ரெண்டு வரிய எத்தனை பேர் படிச்சுப் பாத்து ஓகே சொன்னாங்களோ தெரியல.

அஸ்தம்பட்டி வாத்தியார்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உக்காந்து எங்க ஆக்ட்டைப் படிச்சேன், ரேட்டிஃபிகேஷன் ஷரத்தையும் பாத்தேன், ஐயா சொன்ன மாதிரிதான் இருக்கு. ஒரே ஒரு கேள்வி மிச்சம். நான் நிதி ஆளு இல்ல, தமிழ் வாத்தியார். அங்க ஐஏஎஸ், லா செகரட்டரி எல்லாம் உக்காந்திருப்பாங்க, நடுவுல நான் ஆடிட் பாரான்னு ஆரம்பிச்சா சிரிக்க மாட்டாங்களா?

செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர்
தமிழ் வாத்தியார்னா இன்னும் நல்லது சார், நோட்டுல எந்த வரி எதை மறைக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். கார்பஸ் ஃபண்ட் (தொடாம வெச்சிருக்க வேண்டிய மூல நிதி) எவ்வளவு, எந்த பேங்க்ல எவ்வளவு டெபாசிட், பென்ஷன் ஃபண்ட்ல இருந்து சம்பளத்துக்கு எடுத்திருக்காங்களா, எடுத்தா திருப்பி வெச்சாங்களா, இந்த நாலை மட்டும் முதல் கூட்டத்துக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. பதில் வந்ததும் பேர் ஊர் அழிச்சுட்டு இங்க போடுங்க, உக்காந்து பிரிச்சுப் பாத்துரலாம்.

லீபஜார்
ஓட்டு எத்தனை பேர் போடுவாங்க சார் உங்களுக்கு?

அஸ்தம்பட்டி வாத்தியார்
அதுதான் இப்ப பிரச்சினையே. எதிர்ல நிக்கறவரு எங்க டிபார்ட்மென்ட்காரரு. சனிக்கிழமை ரெண்டு காலேஜுக்குப் போய் கேக்கணும், அதுக்கு பிரின்சிபால் ஓடி (ஆன் டியூட்டி) குடுக்க மாட்டாரு, சிஎல்தான் (கேஷுவல் லீவுதான்) போடணும்.